ரூமை ஒழிச்சுட்டுப் பேசு

எங்கள் பக்கத்து வீட்டு டெய்லரம்மாவுக்குக் 'கோணல் டெய்லர்' என்று பெயர். வைத்தது அவளுடைய நாத்தனார். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அதுவே விளம்பரமாகிவிட்டது. ஒரு தோள் இறங்கியவர்கள், முதுகு வளைந்தவர்கள், மார்பில் ஆபரேஷன் ஆனவர்கள், ஒரு கை சூம்பியவர்கள் என்று கடையில் தொங்குகிற எந்த உடுப்பும் பொருந்தாதவர்கள் எல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். அவள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றால் கோணல் தெரியாது. சிலர் அங்கேயே நின்று அழுதிருக்கிறார்கள். அவள் அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு, "திரும்புங்க" என்பாள், அவ்வளவுதான்.

அவளுடைய தையல் ரூம் வீட்டின் பின்பக்கம். எள் போட்டால் எள் விழாது என்பார்களே, அங்கே போட்ட எள்ளைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கதவைப் பாதிக்கு மேல் திறக்க விடாமல் துணி மூட்டைகள் முட்டும். உடம்பை ஒருக்களித்து நுழைந்து, மூட்டைகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போனால் மெஷின் வரும். மெஷினுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கிறது என்பதே எனக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அந்த ரூமில்தான் அவள் சொத்தும் இருந்தது. நாற்பத்து மூன்று பேட்டர்ன்கள். பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டி, ஒவ்வொன்றிலும் 'இடது தோள் அரை இஞ்ச் கீழே', 'முதுகு வளைவு, காலர் இறக்கம்' என்று எழுதி, நாடா போட்டுக் கட்டி வைத்திருந்தாள். இருபது வருஷ வேலை. எந்தத் தையல் பள்ளியிலும் சொல்லித்தராத வெட்டுகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அந்தக் கட்டு காணாமல் போனது.

மூன்று மாதம் கழித்து அவளுடைய நாத்தனார் மெயின் ரோட்டில் கடை திறந்தாள். 'எல்லா உடம்புக்கும் எங்களிடம் அளவு உண்டு' என்று போர்டு. டெய்லரம்மா முதலில் சந்தேகப்படவில்லை. ஒருநாள் ரேஷன் கார்டு வேலையாகப் போன இடத்தில், முன்னால் நின்ற ஒரு பெண்ணின் கோட்டைப் பார்த்தாள். அக்குளுக்குள்ளிருந்து கைக்கு ஒளிந்து போகிற ஒரு சின்ன மடிப்பு. அதை அவள்தான் கண்டுபிடித்தாள், ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு. "எங்க தைச்சீங்க?" என்று கேட்டாள். அந்தப் பெண் கடையின் பேரைச் சொன்னாள்.

அன்றைக்குச் சாயங்காலமே நாத்தனாரை வீட்டுக்கு அழைத்துக் கணவன் முன்னால் கேட்டிருக்கிறாள். நாத்தனார் கொஞ்சமும் அசரவில்லை.

"அண்ணி, உங்க ரூம்ல யானை தொலைஞ்சாலே தும்பிக்கைதான் வெளிய தெரியும். பேப்பர் கட்டு எம்மாத்திரம்? அங்கதான் எங்கயாவது கெடக்கும்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். சண்டை என்றாலே நடுவில் நின்றுபோன லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஆளைப் போல முழிக்கிற மனுஷன். அவர் தங்கை பக்கமும் பார்த்தார், பெண்டாட்டி பக்கமும் பார்த்தார். பிறகு சொன்னார்: "முதல்ல ரூமை ஒழிச்சுட்டுப் பேசு."

நாத்தனார் சத்தமாகச் சிரித்தாள். டெய்லரம்மா எழுந்து போய்விட்டாள். ஆறு வருஷம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பொறுத்துக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். அவள் பொறுக்கவில்லை, ஊறப்போட்டிருந்தாள்.

நான் நூலகத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்று ஏழாவது மாதம், வீட்டிலுள்ள டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டி முடித்துவிட்டு அடுத்து எதற்கு ஒட்டலாம் என்று உட்கார்ந்திருந்தபோது டெய்லரம்மா வந்தாள். காலை வேளை. கையில் அளவு டேப்பைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

"லைப்ரரிக்கா, ஒரு ரூம்ல ஒரு பொருள் இல்லைன்னு எப்படி நிரூபிக்கிறது?"

"ஏன்?"

நாத்தனாருக்குக் கடையில் இடம் போதவில்லையாம். அண்ணனிடம் பேசி, தையல் ரூமைத் தன் கடைக்கு ஸ்டாக் ரூமாகக் கேட்டிருக்கிறாள். "அண்ணி அதைக் குப்பைத்தொட்டியாத்தானே வச்சிருக்காங்க, மெஷினை ஹாலுக்கு மாத்திக்கட்டுமே" என்றிருக்கிறாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் வழக்கம் அது.

"நீ என்ன சொன்ன?"

"நானே ஒழிச்சுத் தரேன், ஒரு மாசம் டைம் கொடுன்னேன். அவளுக்கு வாயெல்லாம் பல்லு. தோத்துட்டேன்னு நினைச்சுக்கிட்டா."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு புத்தகம் இருக்கிறது என்று காட்ட ஒரு கை போதும். இல்லை என்று காட்ட வேண்டுமானால் எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும், ஒவ்வொன்றையும் எழுத வேண்டும், எழுதாத எதையும் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. நூலகத்தில் வருஷா வருஷம் ஸ்டாக் எடுப்பது அப்படித்தான்.

"அப்போ ஸ்டாக் எடுப்போம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வீட்டிலேயே இருந்திருப்பேன்.

கதவுக்கு இடதுபக்க மூலையில் தொடங்கினோம். அவள் எடுத்துக் கொடுப்பாள், நான் நோட்டில் எழுதுவேன். வெளித் தாழ்வாரத்தில் நாலு குவியல்: அவளுடையது, நாத்தனாருடையது, கணவருடையது, யாருக்கும் வேண்டாதது. முதல் மூன்று நாளில் பதினேழு கத்தரிக்கோல் வந்தன, அதில் வெட்டுகிற கத்தரி மூன்று. ஜாம் பாட்டில்களில் பொத்தான்கள். பல் விட்டுப்போன ஜிப்புகள் ஒரு பை நிறைய. பூனை குட்டி போட்ட அடையாளத்தோடு ஒரு வெல்வெட் துண்டு. ஒரு கை மட்டும் தைத்த ஒரு கோட். அந்த ஆள் அளவு கொடுத்துவிட்டுப் போனவர், ட்ரையலுக்கு முன்னாலேயே இறந்துவிட்டார். அதை எந்தக் குவியலில் போடுவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு தன் குவியலில் வைத்தாள்.

ஒவ்வொரு பொருளோடும் ஒரு வழக்கும் வெளியே வந்தது. "இந்த இஸ்திரிப் பெட்டியை நான்தான் தொலைச்சேன்னு ரெண்டு வருஷம் சொல்லிக் காட்டினார். எங்க இருந்தது பாத்தீங்களா? அவர் மோட்டார் பெட்டிக்குள்ள." எழுதச் சொல்வாள். நான் எழுதுவேன்: இஸ்திரிப் பெட்டி, ஒன்று, கணவரின் மோட்டார் பெட்டிக்குள். "'கணவரின்'ங்கறதுக்கு அடியில கோடு போடுங்க" என்பாள். போட்டேன்.

இரண்டாவது வாரத்தில்தான் விஷயமே புரிந்தது. அந்த ரூமை அடைத்துக் கிடந்ததில் பாதிக்கு மேல் அவளுடையதே இல்லை. நாத்தனார், "அண்ணி, இதைக் கொஞ்ச நாள் வச்சுக்கோங்க" என்று கடையிலிருந்து அனுப்பிய மூட்டைகள். விற்காத துணி, சாயம் போன துணி, எலி கடித்த லைனிங், கழுத்தில்லாத நாலு பிளாஸ்டிக் பொம்மை உடம்பு. மொத்தம் முப்பத்தொரு மூட்டை. சிலவற்றை அவிழ்க்கக்கூட இல்லை. குப்பைக்காரி என்று பேர் வாங்கினது இவள். குப்பை போட்டவள் வேறொருத்தி.

டெய்லரம்மா மூட்டைகளைத் தாழ்வாரத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு, முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். டீ ஆறிப் போகிறதென்று நான் சொன்னேன். "ஆறட்டும். என் மனசுதான் இத்தனை வருஷமா ஆறாமக் கெடக்குது" என்றாள்.

அவள் கணவர் வேலை முடிந்து வந்து அந்த வரிசையைப் பார்த்தார். "இவ்வளவுமா தங்கச்சியோடது?" என்று மட்டும் கேட்டார். அவள் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் மூன்று பக்கம் புரட்டினார், கோடு போட்ட இடம் வந்ததும் மூடி வைத்துவிட்டுக் கால் கழுவப் போய்விட்டார்.

பத்தொன்பதாம் நாள் அலமாரிக்கு மேலே கிடந்த மாவு மூட்டை சைஸ் கோணியை இறக்கினோம். உள்ளே கசங்கிய பிரவுன் பேப்பர். பேட்டர்ன் வெட்டியபின் மிஞ்சுகிற கழிவு. பொத்தான் பொட்டலம் கட்ட ஆகும் என்று இவள் இருபது வருஷமாகச் சேர்த்தது. நான், "இதை வேண்டாததுல போடவா?" என்றேன்.

அவள் ஒரு தாளை எடுத்து விரித்தாள். நடுவில் ஒரு ஓட்டை. பிஸ்கட் வெட்டி எடுத்த மாவு போல, வெட்டி எடுத்த பேட்டர்னின் உருவம் ஓட்டையாகத் தாளில் நின்றது. கழுத்து, தோள் இறக்கம், அக்குள் வளைவு எல்லாம் அப்படியே. குறுக்கே ஒரு நீலக்கோடு ஓடி, ஓட்டையின் விளிம்பில் நின்று, மறுபக்கம் தொடர்ந்தது. துணியின் நூல்போக்கு தவறாமலிருக்க, வெட்டுவதற்கு முன் கணவருடைய நீலப் பென்சிலால் தாளின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அவள் இழுக்கிற கோடு அது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள்.

"கட்டைத் தூக்கிட்டுப் போனவ கழிவை விட்டுட்டுப் போயிட்டா, லைப்ரரிக்கா."

அடுத்த ஒன்பது நாள் நாங்கள் வேறு எதுவும் செய்யவில்லை. ரூம் காலியாகியிருந்தது. தரை தெரிந்தது. ஜன்னல் திறந்தது. தரை முழுக்க ஓட்டைத் தாள்களை விரித்து, இஸ்திரி போட்டு, அடியில் புதுத்தாள் வைத்து அந்த உருவங்களை அவள் திரும்ப வரைந்தாள். கிழிந்த தாள்களை நான் ஒட்டிச் சேர்த்தேன். நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டு திரும்ப வந்தது. ஐந்துக்குக் கழிவு இல்லை, எந்தப் பொத்தானைச் சுற்றிக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனதோ. புதுப் பேட்டர்ன்களை ஆணியில் மாட்டினாள். துணிகளை நிறவாரியாக அடுக்கினோம். ஜாம் பாட்டில்களுக்கு லேபிள் நான் ஒட்டினேன், அதில் எனக்கு உரிமை உண்டு. முப்பத்தொரு மூட்டைக்கும் லேபிள் ஒட்டினோம்: உள்ளே என்ன, எந்த வருஷம் வந்தது, யார் அனுப்பியது.

ஒரு மாதம் முடிந்த சனிக்கிழமை காலை ஒரு சின்ன வேன் பிடித்தாள். சனிக்கிழமைதான் நாத்தனார் கடையில் கூட்டம் அதிகம். அதை நான் சுட்டிக் காட்டினேன். "தெரியும்" என்றாள்.

கடை பளபளவென்று இருந்தது. ஏழெட்டு வாடிக்கையாளர்கள், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் கட்டிங் மேசை, கட்டிங் மாஸ்டர், சுவரில் கொக்கிகளில் தொங்குகிற பிரவுன் பேப்பர்கள். தூரத்திலிருந்தே எனக்கு நீலக்கோடு தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளாமலே தெரிந்தது.

வேன்காரர் மூட்டைகளை இறக்க ஆரம்பித்தார். முதல் ஐந்து வாசலில், அடுத்த பத்து ஹாலில். பொம்மை உடம்பு நாலும் நாற்காலிகளுக்கு நடுவே நின்றன. நாத்தனார் உள்ளேயிருந்து வந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"ரூமை ஒழிக்கச் சொன்னியே. ஒழிச்சுட்டேன். உன்னோடது உன்கிட்ட."

"இப்படியா, கஸ்டமர் இருக்கும்போது? உள்ள வாங்க, பேசலாம்."

"உள்ள வந்துதானே நீ எடுத்துட்டுப் போன. நான் வெளியவே பேசறேன்." என் கையிலிருந்த நோட்டை வாங்கி அவளிடம் நீட்டினாள். "அறுபத்திரண்டு பக்கம். ஒரு ஊசி விடாம எழுதியிருக்கு. அந்த ரூம்ல எல்லாம் இருக்கு. என் பேட்டர்ன் கட்டு மட்டும் இல்லை. நீதான் அங்க கெடக்கும்னு சொன்ன. நீயே தேடிப் பாரு."

நாத்தனார் நோட்டை வாங்கவில்லை. டெய்லரம்மா அதை ஒரு பொம்மையின் தோளில் வைத்துவிட்டுக் கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் போனாள். கொக்கியிலிருந்து ஒரு பேட்டர்னை எடுத்து மேசையில் போட்டாள். பையிலிருந்து தன்னுடைய ஓட்டைத் தாளை எடுத்து அதன்மேல் விரித்தாள். பேட்டர்ன் ஓட்டைக்குள் உட்கார்ந்தது. நீலக்கோடு தாளின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே கோடாக ஓடியது.

"நீங்களே பாருங்க மாஸ்டர். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

கட்டிங் மாஸ்டர் வயதானவர், தொழில் தெரிந்தவர். குனிந்து, விரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஒரே தாள்தாம்மா. ஒரே கத்தரி வெட்டினது" என்றார். சொல்லிவிட்டு முதலாளியைப் பார்க்காமல் சாக்குக்கட்டியைச் சீவப் போய்விட்டார்.

ஹாலில் நாற்காலிகள் எல்லாம் கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பின. நாத்தனாரின் முகம் வெளுத்தது. ஆனால் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"சரி, எடுத்தேன். என்ன இப்போ? நீங்க அதை வச்சு என்ன கிழிச்சிருப்பீங்க அண்ணி? அந்த இருட்டு ரூம்லயே வச்சு மக்கிப் போயிருக்கும். நான் நாலு பேருக்குத் தெரிய வச்சேன்."

"என் பேரைச் சொல்லியா தெரிய வச்ச?"

நாத்தனார் வாடிக்கையாளர்கள் பக்கம் பார்த்தாள். டெய்லரம்மா கட்டிங் மேசைப் பக்கம் திரும்பினாள்.

"மாஸ்டர், கத்தரி கொடுங்க."

அவர் கொடுத்தார். ஏன் கொடுத்தாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கொக்கி கொக்கியாக எடுத்து வெட்ட ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. ஒவ்வொன்றையும் தோளிலிருந்து இடுப்புவரை ஒரே ஓட்டமாக. நான் பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: "அஞ்சு நம்மகிட்ட இல்லை. அதை மட்டும் எடுத்துக்கோ. வெட்டாதே."

அவள் காதில் விழுந்தது. ஒரு விநாடி கத்தரி நின்றதைப் பார்த்தேன். பிறகு அந்த ஐந்தையும் வெட்டினாள்.

வேனில் திரும்பும்போது கேட்டேன். "ஆறு வருஷம் அவ கையில கெடந்தது. திரும்பக் கொண்டாந்து மாட்டினா தினமும் அவ கைதான் ஞாபகம் வரும். இல்லாமலே போகட்டும்" என்றாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. பசிக்கு நன்றாகச் சாப்பிட்டவள் போல இருந்தாள்.

கணவருக்கு விஷயம் அதற்குள் போனில் போய்விட்டது. "ஊர் சிரிக்குது. குடும்ப மானமே போச்சு" என்றார்.

"ரூமை ஒழிச்சுட்டுப் பேசுன்னீங்க. ஒழிச்சேன், பேசினேன். மானம் எந்த மூட்டையில போச்சுன்னு அந்த நோட்டுல பாருங்க. அதை உங்க தங்கச்சிகிட்டத்தான் கொடுத்துட்டு வந்திருக்கேன்."

அவருடைய குவியலும் ஹாலில் அவர் கட்டில்மேல் ஏற்றப்பட்டிருந்தது. மூன்று மோட்டார், துருப்பிடித்த கம்பிவடம், லிஃப்ட் பட்டன்கள் ஒரு பெட்டி. அன்று மத்தியானத் தூக்கத்தை நாற்காலியில்தான் போட்டார். இரண்டு நாள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டார். இஸ்திரிப் பெட்டியை மட்டும் துடைத்துத் தையல் ரூம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். அவள் அதை எடுத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை.

கதை இதோடு இனிப்பாக முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், முதுகு நன்றாக வளைந்தவள். நாத்தனார் கடையில் கோட் தைக்கக் கொடுத்திருந்தாளாம். புதன்கிழமை அவளுக்கு வேலைக்கு நேர்முகத்தேர்வு. பேட்டர்ன் இல்லை, தைக்க முடியாது என்று துணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய பேட்டர்ன் அந்த ஐந்தில் ஒன்று.

டெய்லரம்மா டேப்பை எடுத்தாள். "உள்ள வாங்க, அளவு எடுக்கறேன். மூணு ட்ரையலாவது வேணும். புதனுக்குள்ள..." என்று சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. முடியாது என்று அவளுக்கே தெரியும்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "உங்க ரெண்டு பேர் சண்டையில என் கோட்டைத்தான் வெட்டியிருக்கீங்க" என்றாள். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று முழுக்க மெஷின் ஓடவில்லை. நான் போய் உட்கார்ந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாத்தனாரை வெட்டினதா நினைச்சேன்" என்றாள். நான் 'அன்னைக்கே சொன்னேனே' என்று சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

அடுத்த வாரம் விலாசம் விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கே டேப்போடு போனாள். நானும் போனேன். அந்தப் பெண் பழைய கோட்டோடு தேர்வுக்குப் போய் வந்திருந்தாள். வேலை கிடைத்ததா என்று நாங்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எழுந்து நின்று அளவு கொடுத்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நாலு ட்ரையல் ஆயிற்று. கோட் என்றால் அது கோட். அந்தப் பெண் கண்ணாடியில் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தாள். தோளைத் தூக்கி இறக்கிப் பார்த்தாள். "சரியா இருக்கு" என்று வாங்கிக்கொண்டாள். மறுபடி வரவே இல்லை. டெய்லரம்மாவுக்கு அது இன்னும் உறுத்தல்தான். நாத்தனார் விஷயத்தில் ஒரு துளி உறுத்தல் கிடையாது.

நாத்தனார் கடையில் இப்போது அளவெடுத்துத் தைப்பதில்லை. ரெடிமேட் நைட்டியும் பள்ளிச் சீருடையும் விற்கிறாள். கட்டிங் மாஸ்டர் இரண்டு மாதம் பார்த்துவிட்டு வேலையை விட்டார். அவர் இங்கே வேலை கேட்டு வந்தபோது டெய்லரம்மா முதலில் கேட்டது, "ஆறு வருஷம் அந்த நீலக்கோட்டைப் பாத்தீங்களே, யாரோடதுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" அவர் கேட்கவில்லை என்றார். "அப்போ போயிட்டு வாங்க" என்றாள். எனக்கே அது கொஞ்சம் அதிகம் என்று பட்டது. அவளுக்குப் படவில்லை.

ரூமுக்கு வெளியே இப்போது பெஞ்ச் போட்டிருக்கிறது, அவ்வளவு பேர் வருகிறார்கள். யார் எந்த மூட்டையைக் கொண்டுவந்து, "கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமே" என்றாலும், கதவை முழுசாகத் திறந்து காட்டி, "இடமில்லை" என்கிறாள். உள்ளே ஆள் படுத்து உருளலாம், அவ்வளவு இடம் இருக்கும்.

போன மாதம் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இவளும் நாத்தனாரும் ஒரே இடத்தில் உட்காருவது இனி கிடையாது என்றாலும், கல்யாணத்தைத் தவிர்க்க முடியவில்லை. யாரோ இவளை நாத்தனாருக்கு நேர் பின் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வந்ததும் நேரே என் வீட்டுக்குத்தான் வந்தாள்.

"வேற எங்கயோ பிளவுஸ் தைச்சிருக்கா லைப்ரரிக்கா. வலது தோள் தையல் பின்னாடி இழுத்துட்டு நிக்குது. கையைத் தூக்கினா கழுத்து ஏறுது. நிமிஷத்துக்கு ஒரு தடவை இழுத்து விட்டுக்கறா. அரை இஞ்ச் பிரிச்சுத் தைச்சா போதும், பத்து நிமிஷ வேலை."

"சொன்னியா?"

"நான் ஏன் சொல்லணும்?" செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ரெண்டு மணி நேரம் அந்தத் தையலையேதான் பாத்துட்டிருந்தேன். பொண்ணு மாப்பிள்ளை எப்படி இருந்தாங்கன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியாது."